லினக்ஸ் திரை எழாதபோது: வரைகலைத் துவக்கக் கோளாறுகளும் மீட்பு வழிகளும்

லினக்ஸ் கணினியில் வரைகலைத் திரை என்பது தனியொரு நிரல் அன்று. கணினியை இயக்கியதிலிருந்து கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றும் வரை பல அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. தாய்ப்பலகையின் யூஇஎஃப்ஐ முதலில் எழுந்து கிரப் என்னும் துவக்க ஏற்றியை அழைக்கும். கிரப் கர்னலையும் அதற்குத் துணையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றும். கர்னல் கிராபிக்ஸ் கார்டுக்குரிய டிரைவரை எழுப்பும். அடுத்து சிஸ்டம்டி, சேவைகளை வரிசையாகத் தொடங்கும். ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிடிஎம் போன்ற திரை மேலாளர்களுள் ஒன்று உள்நுழைவுத் திரையைக் கொண்டுவரும். அதற்குப் படம் வரைந்து தருவது எக்ஸ் சர்வர் அல்லது வேலண்ட். பயனர் நுழைந்த பிறகே க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ போன்ற மேசைச் சூழல் தொடங்கும். திரை எழவில்லை என்றால் இவற்றுள் ஏதோ ஓர் அடுக்கு நின்றுவிட்டது என்று பொருள். அதற்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் நலமாக இயங்கிக்கொண்டிருக்கும். பயனரின் கோப்புகள் வட்டில் அப்படியே இருக்கும். கறுப்புத் திரையைக் கண்டதும் இயங்குதளத்தை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது பரவலான பழக்கம். பெரும்பாலும் அது தேவையில்லாத இழப்பு. நின்ற அடுக்கு எது என்று கண்டுபிடித்தால் அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

இந்த அடுக்குகளின் இன்றைய அமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. எக்ஸ் சாளர முறைமை 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் பிறந்தது. இன்றும் புழங்கும் அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வந்தது. நெடுங்காலம் எக்ஸ் சர்வரே கிராபிக்ஸ் கார்டை நேரடியாகக் கையாண்டது. அதற்காக ரூட் உரிமையோடு இயங்கியது. திரையின் அளவு, அலைவெண் எல்லாவற்றையும் எக்ஸ்ஆர்க்.கான்ஃப் என்ற அமைவுக் கோப்பில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு வரி பிழைத்தாலும் திரை வராது. 2009 மார்ச்சில் வெளியான கர்னல் 2.6.29, திரையின் அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பை முதலில் இன்டெல் கார்டுகளுக்குக் கர்னலிடமே ஒப்படைத்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் மற்ற கார்டுகளும் அந்த வழிக்கு வந்தன. கணினி மீட்பில் இதன் விளைவு பெரிது. முன்பு எக்ஸ் விழுந்தால் எழுத்துத் திரையாவது கண்முன் நிற்கும். இப்போது டிரைவர் பிழைத்தால் எழுத்துத் திரையும் சேர்ந்தே மறைந்துவிடலாம். மறுபுறம், பெரும்பாலான கணினிகளுக்கு எக்ஸ்ஆர்க்.கான்ஃப் கோப்பே இன்று வேண்டியதில்லை.

எந்த அடுக்கு நின்றது என்பதற்குத் திரையே முதல் சாட்சி. கிரப் பட்டியல் வந்து, பிறகு திரை முழுக்க இருண்டு, எந்த விசைக்கும் அசையாமல் இருந்தால் கர்னலின் டிரைவர் மீது ஐயம் கொள்ளலாம். துவக்கச் செய்திகள் ஓடி, வட்டு பிழையின்றி இருப்பதாகச் சொல்லும் ஒரு வரியோடு நின்றுபோனால் திரை மேலாளரோ அதன் கீழுள்ள எக்ஸ் அல்லது வேலண்டோ எழவில்லை. அந்தக் கடைசி வரியைப் பார்த்து வட்டில்தான் கோளாறு என்று முடிவுகட்டுவோர் பலர். அது வெறும் நலச் செய்தி. அதன்மேல் வரைய அடுத்தவர் வராததால் திரையில் தங்கிவிட்டது, அவ்வளவே. திரை விட்டுவிட்டு மின்னினால், திரை மேலாளர் விழுந்து எழுந்து விழுகிறது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் மீண்டும் உள்நுழைவுப் பெட்டிக்கே திரும்பினால் கோளாறு அந்தப் பயனரின் அமர்வில் இருக்கிறது. நுழைந்த பின் இருண்ட திரையில் சுட்டி மட்டும் தெரிந்தால் மேசைச் சூழல் தொடங்கவில்லை.

அடுத்த வேலை, கட்டளை எழுத ஓர் இடம் தேடுவது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தினால் எழுத்து முனையம் ஒன்று திறக்கும். எஃப்4, எஃப்5, எஃப்6 ஆகியவற்றாலும் திறக்கலாம். முதல் இரண்டும் இப்போது உள்நுழைவுத் திரைக்கும் பயனர் அமர்வுக்கும் பல லினக்ஸ் வழங்கல்களில் போய்விடுவதால் மூன்றிலிருந்து தொடங்குவது நல்லது. முனையமும் வராவிட்டால், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை முன்பே நிறுவப்பட்டிருக்கும் பட்சத்தில், அதே வலையமைப்பிலுள்ள வேறு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ உள்ளே நுழையலாம். திரை இருண்டபோதும் எஸ்எஸ்எச் விடையளித்தால் ஒன்று உறுதி: கர்னல் உயிரோடு இருக்கிறது.

தமிழ்ப் பயனர்களுக்கு இங்கே தனியான ஒரு தடை உண்டு. கணினியின் மொழியைத் தமிழாக வைத்திருந்தால், எழுத்து முனையத்தில் பிழைச் செய்திகள் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் சிதறித் தெரியும். கர்னலின் முனையம் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களை மட்டுமே ஏற்கும். உயிர்மெய் எழுத்துகளைக் கோத்து வரையும் திறன் அதற்கு இல்லை. இது கணினி கெட்டதன் அறிகுறி அன்று. லாங் என்ற சூழல் மாறியின் மதிப்பை சி என்று அந்த அமர்வுக்கு மட்டும் மாற்றினால் செய்திகள் ஆங்கிலத்தில் தெளிவாக வரும். திரை எழுந்ததும் தமிழ் தானே திரும்பிவிடும்.

முனையமும் இல்லை, எஸ்எஸ்எச்சும் இல்லை என்றால் கணினியை அணைத்து கிரப் பட்டியலுக்குப் போக வேண்டும். பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். யூஇஎஃப்ஐ கணினிகளில் எஸ்கேப் விசை. அணைப்பதற்கு மின்பொத்தானை நெடுநேரம் அழுத்துவது கடைசி வழி. அதற்கு முன் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ விசைகளைப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி விசைகளைச் சில நொடி இடைவெளியில் தட்டினால் கர்னல் எழுத வேண்டியவற்றை வட்டில் எழுதி, வட்டைப் பூட்டி, மறுதுவக்கம் செய்யும். உபுண்டு இயல்பாகவே இந்த மூன்றையும் அனுமதிக்கிறது. ஃபெடோரா முதலாவதை மட்டும்.

கிரப் பட்டியலில் உரிய வரியின்மேல் நின்று ஆங்கில இ விசையைத் தட்டினால் துவக்க வரிகள் திருத்தத் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதிதான் முக்கியம். அங்கே உள்ள குவயட், ஸ்பிளாஷ் என்னும் சொற்களை நீக்கினால் துவக்கச் செய்திகள் மறைவின்றித் தெரியும். அதே இடத்தில் 3 என்ற எண்ணைச் சேர்த்தால் சிஸ்டம்டி வரைகலையைத் தொடாமல் எழுத்து நிலையோடு நிற்கும். நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்தால் கர்னலின் கிராபிக்ஸ் டிரைவர்கள் ஒதுங்கிக்கொள்ள, யூஇஎஃப்ஐ அமைத்துத் தந்த எளிய திரை மட்டும் பயன்படும். பிறகு கண்ட்ரோல், எக்ஸ் அழுத்தினால் துவங்கும். இந்தத் திருத்தம் அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டுமே உரியது என்பதால் அஞ்சாமல் செய்து பார்க்கலாம். நோமோட்செட் கொடுத்ததும் திரை வந்தால் குற்றவாளி டிரைவரே என்பது ஏறத்தாழ உறுதி. ஆனால் அது நோயறியும் கருவி மட்டுமே. அந்நிலையில் படம் வரையும் வேலை முழுவதையும் மையச் செயலகமே (சிபியு) செய்கிறது. திரை தெளிவும் குறையும். அதையே நிலையான தீர்வாக விட்டுவிட்ட கணினிகள் ஏராளம். நல்ல கார்டு இருந்தும் காணொளி தடுமாறும் கணினிகளில் இந்த ஒரு சொல் கிரப் வரியில் மறந்து கிடப்பதைக் காணலாம்.

கிரப் பட்டியலில் இன்னொரு எளிய வழியும் உண்டு: பழைய கர்னலைத் தேர்ந்தெடுப்பது. புதுப்பித்த மறுநாள் திரை போயிருந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஃபெடோரா இயல்பாக மூன்று கர்னல்களை வைத்திருக்கும். டெபியன், உபுண்டு ஆகியவையும் முந்தையதை உடனே அழிப்பதில்லை. மேம்பட்ட தெரிவுகள் என்ற கிளைப்பட்டியலில் அவை காத்திருக்கும். பழைய கர்னலில் திரை எழுந்தால் வேலையைத் தொடரலாம். காரணத்தை ஆற அமரத் தேடலாம்.

கட்டளை எழுத இடம் கிடைத்ததும் ஊகத்தை நிறுத்திவிட்டுப் பதிவுகளைப் படிக்க வேண்டும். வலையில் கண்ட கட்டளைகளை வரிசையாக அடித்துப் பார்ப்பதைவிட இது விரைவானது, பாதுகாப்பானது. ஒரு கோளாறை மூன்றாக்குவது பெரும்பாலும் அத்தகைய அவசரமே. ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு -பி -1 என்று சேர்த்தால் முந்தைய துவக்கத்தின் பதிவு வரும். இடையில் மறுதுவக்கம் செய்திருந்தால், கறுப்புத் திரையில் முடிந்த துவக்கம் அதுவே என்பதால் விடையும் அங்கேதான் இருக்கும். பிழைகளை மட்டும் வடிகட்டவும் அதற்கு வசதி உண்டு. திரை மேலாளரின் நிலையை சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் சொல்லும். எக்ஸ் பயன்படும் கணினியில் எக்ஸ்ஆர்க்.0.லாக் என்ற கோப்பைப் பார்க்க வேண்டும். எக்ஸ் சர்வர் ரூட் உரிமையோடு இயங்கினால் அது வார் அடைவின் லாக் பகுதியில் இருக்கும். எக்ஸ் சர்வர் ரூட் உரிமையின்றி இயங்கும் கணினிகளில் பயனரின் வீட்டு அடைவுக்குள், மறைந்திருக்கும் லோக்கல் என்ற அடைவின் உள்ளே இருக்கும். அதில் அடைப்புக்குறிக்குள் இரட்டை இ எழுத்து உள்ள வரிகள் பிழைகள். இரட்டை டபிள்யூ எச்சரிக்கைகள். பிழை வரிகள் பல இருந்தால் முதலாவதையே நம்ப வேண்டும். திரைகள் எவையும் இல்லை என்னும் இறுதி வரி விளைவைச் சொல்வது. காரணம் அதற்கு மேலே எங்கோ இருக்கும்.

காரணங்களுள் மிக அதிகம் பேசப்படுவது என்விடியா கார்டுகளின் டிரைவர். இன்டெல், ஏஎம்டி கார்டுகளின் டிரைவர்கள் கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. கர்னல் மாறும்போது அவையும் கூடவே மாறும். என்விடியாவின் சொந்த டிரைவர் வெளியிலிருந்து வருவது. ஒவ்வொரு கர்னலுக்கும் அதன் தொகுதியைத் தனியே கட்டியாக வேண்டும். டெல் நிறுவனப் பொறியாளர்கள் உருவாக்கிய டிகேஎம்எஸ் என்னும் கருவி இதைத் தானாகச் செய்கிறது. ஆனால் அந்தக் கர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் இல்லையென்றால் கட்டுமானம் தோற்கும். தோற்றது புதுப்பிக்கும்போது ஓடிய நூற்றுக்கணக்கான வரிகளில் ஒரு வரியாக மட்டும் தெரிந்திருக்கும். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளை எந்தக் கர்னலுக்கு எந்தத் தொகுதி கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டும். இயங்கும் கர்னலின் எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் காரணம் கிடைத்துவிட்டது: ஹெடர்களை நிறுவி, தொகுதியை மறுபடி கட்டி, இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பிக்க வேண்டும். எந்தக் கார்டை எந்த டிரைவர் கையாள்கிறது என்பதை எல்எஸ்பிசிஐ கட்டளை -கே தெரிவோடு சொல்லும். அந்தக் கார்டுக்கு நேரே டிரைவர் பெயரே இல்லாமல் இருப்பதும் விடைதான்.

கர்னலோடு வரும் நூவோ என்னும் கட்டற்ற டிரைவரை என்விடியாவின் நிறுவி தடைப்பட்டியலில் எழுதிவிடும். பிறகு சொந்த டிரைவரும் எழாவிட்டால் கார்டுக்கு ஆளே இல்லாமல் போகும். என்விடியா டிரைவரை முழுதும் நீக்கி, தடையையும் அகற்றினால் நூவோ திரும்ப வரும். மீண்டும் நிறுவுவதை அதன் பின் நிதானமாகச் செய்யலாம். நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பைக் காட்டிலும் வழங்கலின் களஞ்சியத்தில் உள்ள பொதியே நல்லது. முன்னது கர்னல் புதுப்பிப்புகளோடு ஒத்துப்போவதில் அடிக்கடி தவறுகிறது. இரண்டையும் கலந்து நிறுவிய கணினியைச் சரிசெய்வது கடினம். பழைய கார்டுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: ஃபெர்மி வகைக் கார்டுகளை ஆதரித்த கடைசி வரிசை 390, கெப்லர் வகையை ஆதரித்தது 470. இந்த வரிசைகள் நின்றுபோனதால் புதிய கர்னல்களில் இவை கட்டப்படாமல் போகலாம். அத்தகைய கணினிக்கு நீண்டகால ஆதரவுள்ள கர்னலோ நூவோவோதான் வழி. என்விடியா 2022 மே மாதம் தன் கர்னல் தொகுதிகளின் மூலநிரலைத் திறந்துவிட்டது. அந்தத் திறந்த தொகுதிகள் டூரிங் வகையிலிருந்து தொடங்கும் கார்டுகளுக்கே பயன்படும் என்பதால் பழைய கார்டுகளின் நிலை மாறவில்லை.

டிரைவர் சரியாகக் கட்டப்பட்டும் கர்னல் அதை ஏற்க மறுப்பது உண்டு. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத தொகுதிகளுக்கு இடமில்லை. உபுண்டு போன்றவை டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டு, அடுத்த துவக்கத்தில் நீல நிறத் திரை ஒன்றைக் காட்டிக் கையொப்பச் சாவியைப் பதிவுசெய்யச் சொல்லும். அந்தத் திரை சிறிது நேரமே நிற்கும். என்னவென்று புரியாமல் கடந்துவிட்டால் சாவி பதிவாகாது; டிரைவரும் எழாது. மோக்யூட்டில் கட்டளையால் செக்யூர் பூட் நிலையைப் பார்க்கலாம், சாவிப் பதிவையும் மறுபடி கோரலாம். செக்யூர் பூட்டையே அணைத்துவிடுமாறு பலர் அறிவுரை சொல்கிறார்கள். சாவியைப் பதிவதற்கு ஆகும் நேரம் சில நிமிடம்தான். அதற்காக ஒரு பாதுகாப்பைக் கைவிட வேண்டியதில்லை.

ஏஎம்டி கார்டுகளில் சிக்கல் வேறு விதம். டிரைவர் கர்னலில் இருந்தாலும் கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகள் தனிப் பொதியில் வருகின்றன. அவை இல்லாவிட்டால் திரை இருளும். கர்னல் பதிவில் கிடைக்காத கோப்பின் பெயரோடு வரி இருக்கும். டெபியன் தன் கொள்கை காரணமாக இவற்றை நெடுங்காலம் நிறுவியில் சேர்க்கவில்லை. 2022இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பின், 2023 ஜூனில் வந்த டெபியன் 12இன் நிறுவியில் சேர்த்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டவற்றுக்கும், சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் உட்பட, இந்தக் கட்டுரையில் டெபியனுக்குச் சொல்லப்படும் வழிகளே பெரும்பாலும் பொருந்தும்.

டிரைவரைத் தேடி அலைவதற்கு முன் பார்க்க வேண்டிய மிக எளிய காரணம் ஒன்று உண்டு: வட்டு நிரம்பியிருப்பது. உள்நுழையும்போது சிறு கோப்புகள் சிலவற்றை எழுத இடமில்லாமல் அமர்வு விழுந்துவிடும். பயனருக்குத் தெரிவது கடவுச்சொல் பெட்டிக்குத் திரும்புவது மட்டுமே. எக்ஸ்ட்4 வட்டுகளில் இயல்பாக 5 விழுக்காடு இடம் ரூட்டுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். பயனரால் நுழைய முடியாதபோதும் ரூட் சேவைகள் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான், குழப்பமும் இதனால்தான். டிஎஃப் -எச் என்ற கட்டளை நொடியில் உண்மையைச் சொல்லும். ஏப்ட் கிளீன் கட்டளையால் இறக்கிய பொதிகளை அழித்து, ஜர்னலின் பழைய பதிவுகளைக் குறைத்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். பூட் பகிர்வு தனியாக உள்ள கணினிகளில் அது நிரம்பினால் இனிட்ராம்எஃப்எஸ் பாதி எழுதப்பட்டு நிற்கும்; பழைய கர்னலில் துவங்கி வேண்டாத கர்னல்களை நீக்க வேண்டும்.

உள்நுழைவுச் சுழற்சிக்கு இன்னொரு பழைய காரணம் உரிமைகள். வரைகலை நிரலைச் சூடோ போட்டு இயக்கியதன் விளைவாக, வீட்டு அடைவிலுள்ள எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். அதன் பிறகு பயனரால் அதில் எழுத முடியாது; எக்ஸ் அமர்வு தொடங்காது. எல்எஸ் -எல்ஏ கட்டளையால் உரிமையாளர் பெயரைப் பார்த்து, சோன் கட்டளையால் திருத்தலாம். அல்லது அந்தக் கோப்பை நகர்த்திவிட்டால் புதியது தானே உருவாகும். டெம்ப் அடைவின் உரிமை எண் 1777 ஆக இல்லாவிட்டாலும் இதே சுழற்சி நேரும். புரொஃபைல் கோப்பில் சேர்த்த பிழையான ஒரு வரியும் அமர்வைத் தொடக்கத்திலேயே முடித்துவிடக்கூடும். ஐயத்தைத் தீர்க்கப் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பார்ப்பதே மிகச் சிறந்த சோதனை. புதியவருக்குத் திரை வந்தால் டிரைவர், திரை மேலாளர் எல்லாம் நலம். கோளாறு பழையவரின் வீட்டு அடைவில்தான்.

க்னோமில் அத்தகைய கோளாறு பெரும்பாலும் நீட்சிகளால் வருகிறது. புதிய பதிப்புக்கு ஒத்துவராத நீட்சி ஒன்று மேசை முழுவதையும் விழச்செய்யும். நீட்சிகள் உள்ள அடைவின் பெயரை மாற்றிவிட்டு நுழைந்தால் அவை இல்லாமல் மேசை எழும். பின்னர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துக் குற்றவாளியைக் காணலாம். மற்றச் சூழல்களிலும் மறைந்துள்ள கான்ஃபிக் அடைவை இவ்வாறே பெயர் மாற்றிச் சோதிக்கலாம். அழிக்கக் கூடாது; பல ஆண்டு அமைவுகள் அதில் உள்ளன.

பாதியில் நின்ற புதுப்பிப்பு மற்றொரு பெரிய காரணம். மின்சாரம் போனதாலோ மடிக்கணினி மூடப்பட்டதாலோ பொதிகள் சில பிரிக்கப்பட்டு அமைக்கப்படாமல் நிற்கும். டெபியன் வழியில் டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ கட்டளையும், அதைத் தொடர்ந்து ஏப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால் கட்டளையும் இதைத் தீர்க்கும். சில வேளைகளில் பொதி மேலாளரே மேசையை நீக்கிவிடுவது உண்டு. 2021 நவம்பரில் வெளியான காணொளி ஒன்றில், கனடாவின் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் வழங்கலில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவ முயன்றபோது, சார்புப் பிழை ஒன்றால் மேசைச் சூழலே நீக்கப்பட்டது. பொதி மேலாளர் எச்சரித்து, ஒப்புதல் வாக்கியத்தைத் தட்டச்சு செய்யும்படி கேட்டது. அவரும் தட்டச்சு செய்தார். எச்சரிக்கையைப் படிக்காதது அவர் குற்றம் என்று அப்போது பலர் எழுதினர். நீண்ட பட்டியலின் நடுவே மேசைப் பொதியின் பெயரை இனங்காணப் புதிய பயனரால் முடியாது. ஆகவே அந்தக் கண்டனம் நேர்மையானதாகத் தெரியவில்லை. மீட்பு என்னவோ எளிது: எழுத்து முனையத்தில் மேசைச் சூழலின் தொகுப்புப் பொதியை மறுபடி நிறுவினால் போதும். வைஃபையை நிர்வகிக்கும் நிரலும் மேசையோடு நீங்கியிருந்தால் கம்பி வழி இணைப்போ கைப்பேசியின் யூஎஸ்பி இணைப்போ தேவைப்படும்.

திரை வராததற்கு வேலண்டும் காரணமாகலாம். அது எக்ஸுக்கு மாற்றாக 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய திட்டம். 2016இல் ஃபெடோரா 25 அதை இயல்பாக்கியது, உபுண்டு 17.10இல் ஏற்று, 18.04இல் கைவிட்டு, 21.04இல் மறுபடி ஏற்றது. அந்த ஆண்டுகளில் திரை வராவிட்டால் ஜிடிஎம் அமைவுக் கோப்பில் வேலண்ட் வேண்டாம் என்று ஒரு வரியைத் திறந்துவிட்டு எக்ஸுக்குத் திரும்புவது பொதுவான மருந்தாக இருந்தது. உபுண்டு 25.10இல் க்னோமின் எக்ஸ் அமர்வு நீக்கப்பட்டதால் அந்த மருந்து அங்கே இனி இல்லை. மறுதிசையில், பழைய எக்ஸ்ஆர்க்.கான்ஃப் கோப்பு ஒன்று கார்டு மாறிய பின்னும் கிடந்து எக்ஸைத் தடுப்பது உண்டு. அதன் பெயரை மாற்றிவிட்டால் எக்ஸ் தானே கார்டைக் கண்டறியும்.

எல்லாம் சரியாக இருந்தும் திரை இருண்டிருந்தால் கம்பியைப் பார்க்க வேண்டும். தனிக் கார்டு உள்ள மேசைக்கணினியில் கம்பி தாய்ப்பலகைத் துளையில் செருகப்பட்டிருப்பது அரிதன்று. மானிட்டர் தன் அளவுகளை ஈடிஐடி என்ற சிறு தரவுத் துண்டாகக் கணினிக்கு அனுப்புகிறது; பழுதான கம்பியோ இடையிலுள்ள மாற்றியோ அதைக் கெடுத்தால் கர்னல் தவறான அளவைத் தேர்ந்தெடுக்கும். சிஸ் அடைவின் கிளாஸ், டிஆர்எம் பகுதியில் ஒவ்வொரு துளைக்கும் உள்ள ஸ்டேட்டஸ் கோப்பு, அதில் திரை இணைந்திருப்பதாகக் கர்னல் கருதுகிறதா என்று சொல்லும்.

முனையமே கிடைக்காத நிலையில் லைவ் யூஎஸ்பி உதவும். அதில் துவங்கி, பழைய அமைப்பின் பகிர்வை ஏற்றி, டெவ், ப்ராக், சிஸ் அடைவுகளையும் அதனுள் இணைத்து, சிஎச்ரூட் கட்டளையால் உள்ளே புகுந்தால், மேலே சொன்ன எல்லாப் பழுதுபார்ப்பையும் அந்த அமைப்புக்கே செய்யலாம். லைவ் திரையே எழுகிறது என்றால் வன்பொருள் நலம் என்பதும் கூடவே தெரிந்துவிடும். ஓப்பன்சூசேயை பிடிஆர்எஃப்எஸ் வட்டில் நிறுவியிருந்தால் இவ்வளவும் வேண்டாம்; கிரப் பட்டியலிலேயே முந்தைய நிலைப்படங்கள் இருக்கும், ஒன்றில் துவங்கி ஸ்னாப்பர் ரோல்பேக் கொடுத்தால் போதும். மற்ற வழங்கல்களில் டைம்ஷிஃப்ட் இதே உதவியை எழுத்து முனையத்திலிருந்தும் செய்யும், முன்பே அமைத்து வைத்திருந்தால்.

திரை திரும்பியதும் தற்காலிகமாகச் செய்தவற்றை அவிழ்க்க வேண்டும். நோமோட்செட் கிரப் அமைவில் நிலையாக எழுதப்பட்டிருந்தால் நீக்கி, கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும். இயல்பு நிலை எழுத்து முனையமாக மாற்றப்பட்டிருந்தால் சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் கட்டளையால் அதை கிராபிகல்.டார்கெட் என்று திருப்ப வேண்டும். சோதனைக்கு உருவாக்கிய பயனர் கணக்கையும் அழித்துவிட்டு, புதிய கர்னலில் ஒருமுறை துவங்கிப் பார்த்த பிறகே பழைய கர்னலை நீக்கலாம்.